ஒருமுனை வீட்டில் இரண்டு வேக மோட்டார்

மும்முனை மின் இணைப்பு வாங்க முடிந்தவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். விண்ணப்பம் கொடுத்து, பணம் கட்டி, மீட்டர்ப் பெட்டியை மாற்றிக்கொண்டு நிம்மதியாகக் கடைசல் வேலையைப் பாருங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் அது நடக்காத காரியமில்லை. வாடகை வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்டு அதற்குள் மெஷின்களை நிறுத்தியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்குத்தான், வீட்டு ஒருமுனை மின்சாரத்தை வைத்துக்கொண்டு மும்முனை மெஷின்களை ஓட்டுகிற இந்தத் தலைவலி. வீட்டுக்காரரிடம் மெதுவாகப் பேச்செடுத்தேன். “நீங்கள் நாளைக்குக் காலி செய்துவிட்டுப் போய்விடுவீர்கள் தம்பி, அந்த மீட்டருக்கு அப்புறம் யாருங்க பணம் கட்டுவது?” என்றார். நியாயமான கேள்வி. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

கோவையில் பழைய மெஷின் வாங்குவது எளிது. மூடிய பட்டறைகள், கைமாறிய நூற்பாலைகள், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் என்று இரும்பு எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கிறது. என் கூரைக்குள் ஒரு நாலரை அடி லேத்தும் (கடைசல் இயந்திரம்) ஒரு பழைய மில்லிங் மெஷினும் நிற்கின்றன. இரண்டுமே மும்முனை மோட்டார் பூட்டியவை.

லேத்துக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. நம் ஊரில் 3 குதிரைத்திறன் வரையுள்ள மோட்டார்களைப் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில், அதாவது மூன்று காயில்களின் ஒரு நுனியை ஒரே புள்ளியில் சேர்த்து, கட்டுகிறார்கள். ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் விழுவது 415ஐ 1.732ஆல் வகுத்தால் வரும் 240 வோல்ட்தான். டெர்மினல் பெட்டியைத் திறந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால், பித்தளைப் பட்டைகளைக் கழற்றி டெல்டாவாக, அதாவது காயில்களை முக்கோணமாகத் தொடுத்து, மாற்றிப் பூட்டலாம். அதே மோட்டார் 230 வோல்ட் மும்முனையில் தன் முழு பலத்துடன் ஓடும். வீட்டுப் பிளக்கின் 230 வோல்ட்டை வாங்கி மும்முனையாகத் தருகிற சிறிய டிரைவ் ஒன்றை வைத்துவிட்டால் லேத்தின் கதை முடிந்தது. வேகத்தைக் குமிழைத் திருகியே மாற்றலாம் என்பது கூடுதல் லாபம். ஒரே ஒரு மெஷின், அதிலும் ஸ்டார் மோட்டார் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் டிரைவை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மில்லிங் மெஷின் இந்த வழிக்கு வர மறுத்தது. அதன் பெயர்த்தகட்டில் இருப்பது: 1.5/0.9 கிலோவாட், 1410/700 சுற்று, 415 வோல்ட், டெல்டா/இரட்டை ஸ்டார். டெர்மினல் பெட்டியில் இங்கேயும் ஆறு முனைகள்தான். ஆனால் லேத் மோட்டாரின் ஆறுக்கும் இந்த ஆறுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு வேகத்தில் ஓடும் இந்த மோட்டாரின் சூத்திரம் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ராபர்ட் டாலாண்டருடையது. 1897இல் அவரும் அவருடன் பணியாற்றிய கார்ல் அர்விட் லிண்ட்ஸ்ட்ரோமும் சேர்ந்து காப்புரிமை பெற்றார்கள். ஒவ்வொரு ஃபேஸின் (மும்முனையில் ஒரு முனையின்) காயிலையும் இரண்டு பாதியாகப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு முனையை வெளியே எடுத்துவிடுவது, அவ்வளவுதான். இரண்டு பாதிகளிலும் மின்னோட்டம் ஒரே திசையில் பாய்ந்தால், மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரில் எட்டுத் துருவங்கள். ஒரு பாதியில் மட்டும் திசையைப் புரட்டினால் நான்கு. நம் 50 ஹெர்ட்ஸில் எட்டுத் துருவத்தின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 750 தடவை சுற்றும். நான்கு என்றால் 1500. கியர் கிடையாது, பெல்ட் மாற்ற வேண்டாம், ஒரு சுவிட்சைத் திருப்பினால் வேகம் இரட்டிப்பு. 2க்கு 1 என்ற விகிதம் மட்டுமே இதில் கிடைக்கும்.

நூற்பாலைகளின் ரிங் ஃபிரேம்களில் 4/6 துருவ மோட்டார்கள் உண்டு; நூல் சுற்றத் தொடங்கும்போது மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஓடுவதற்கானவை. அந்த விகிதத்துக்கு டாலாண்டர் முறை உதவாது. இரண்டு தனித்தனிக் காயில்களைக் கட்ட வேண்டும். அல்லது பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜி. எச். ராக்ளிஃப் 1950களில் வகுத்த துருவ மாற்று முறையில் கட்ட வேண்டும். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு வேகப் பெயர்த்தகடு கண்ணில் பட்டால் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

டாலாண்டர் மோட்டாரில் என்ன சிக்கல் என்றால், பாதிகளுக்கு இடையிலான இணைப்பும் மூன்று ஃபேஸ்களையும் டெல்டாவாக வளைத்த இணைப்பும் காயிலுக்குள்ளேயே பற்றவைத்து, நூல் கட்டி, வார்னிஷில் முக்கப்பட்டுக் கிடக்கின்றன. வெளியே வருபவை டெல்டாவின் மூன்று மூலைகளும் மூன்று நடுப்புள்ளிகளும் மட்டுமே. மெதுவான வேகத்துக்கு மூலைகளில் மின்சாரம் கொடுத்து நடுப்புள்ளிகளைச் சும்மா விட வேண்டும். வேகமான ஓட்டத்துக்கு மூலைகள் மூன்றையும் ஒன்றாக இணைத்து நடுப்புள்ளிகளில் கொடுக்க வேண்டும்; இதுதான் இரட்டை ஸ்டார். இரண்டுமே 415 வோல்ட்டுக்கானவை. 230க்கு இறக்க எந்தப் பட்டையையும் மாற்றிப் பூட்ட முடியாது. கணபதியில் நான் வழக்கமாகப் போகிற காயில் கட்டும் கடையில் பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்தார், இரண்டு முனைகளுக்கிடையே டெஸ்ட் லேம்ப்பைத் தொட்டார், மூடிவிட்டார். “இது 220க்கு வராதுங்க தம்பி. முழுதாக அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் வரும். ஆனால் இரண்டு வேகம் போய்விடும், ஒரு வேகம்தான் இருக்கும்.”

230 வோல்ட்டை வாங்கி 380, 415 என்று உயர்த்தித் தரும் டிரைவ்களும் இப்போது விற்கின்றன. அவற்றை நான் நாடாததற்குக் காரணம், மெஷினின் நெற்றியில் இருக்கிற அந்தத் திருகு சுவிட்ச். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் இருந்து, ஓட்டத்தின்போது யாராவது அதைத் திருப்பினால், டிரைவ் நின்றுபோகும். அதிர்ஷ்டம் கெட்ட நாளாக இருந்தால் எரிந்தும் போகும். சுவிட்சை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு எல்லா வேகத்தையும் டிரைவிலேயே எடுத்துக்கொள் என்பார்கள். அப்படிச் செய்தால் மெதுவான ஓட்டத்தில் கிடைக்க வேண்டிய பலத்தில் ஒரு பகுதி இறங்கிவிடும். மெஷினைச் செய்தவன் யோசித்து வைத்த வசதியை நான் ஏன் கழற்றி எறிய வேண்டும்? எனக்கு அசல் 415 வோல்ட் மும்முனை தேவைப்பட்டது. அதைக் கொடுக்கக்கூடியது, ஒருமுனையை மும்முனையாக்க ஒரு மோட்டாரையே சுற்ற விடுகிற சுழலும் ஃபேஸ் கன்வெர்ட்டர்.

இதன் தத்துவத்தைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான், மற்ற நேரத்தில் இரண்டு ஃபேஸ் மட்டுமே என்று முறை வைத்த காலத்திலிருந்து, தோட்டத்து மோட்டார் அறைகளில் கண்டன்சர் பெட்டிகள் தொங்குகின்றன. இல்லாத மூன்றாவது ஃபேஸை அந்தக் கண்டன்சர் எப்படியோ ஒப்பேற்றித் தண்ணீரை மேலே தள்ளிவிடும். மின்வாரியத்துக்கு அது பிடிக்காது. டிரான்ஸ்ஃபார்மரில் பாரம் ஒரு பக்கமாகச் சாய்வதால் அவர்கள் கோபத்திலும் அர்த்தம் இருக்கிறது. நான் சொல்வது வீட்டு மீட்டருக்கு உள்ளே, அனுமதித்த பாரத்துக்குள் அடங்குகிற ஏற்பாடு.

ஒரு மும்முனை மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு மட்டும் ஒருமுனை மின்சாரம் கொடுத்தால் அது உறுமும், நகராது. ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பவரை முதலில் யாராவது தள்ளிவிட வேண்டும் என்பதுபோல, ரோட்டாரை, அதாவது உள்ளே சுழலும் பகுதியை, ஏதாவது ஒரு திசையில் சுழற்றிவிட்டால் போதும். பிறகு அந்தத் திசையிலேயே வேகம் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடுகிற ரோட்டார் தன் காந்தப்புலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றுகிறது. அந்தப் புலம், மின்சாரமே கொடுக்காத மூன்றாவது காயிலையும் வெட்டிக்கொண்டு போகிறது. ஆகவே அங்கே தானாக ஒரு வோல்டேஜ் பிறக்கிறது, மற்ற இரண்டிலிருந்தும் ஏறத்தாழ 120 டிகிரி விலகி. மோட்டாரின் தண்டில் எதையும் மாட்டுவதில்லை. அது சும்மா சுற்றிக்கொண்டிருக்க, அதன் மூன்று முனைகளிலிருந்தும் மற்ற மெஷின்களுக்கு வயர் இழுத்துக்கொள்ளலாம்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்கள் ரயில்காரர்கள். ஈரோடு எலெக்ட்ரிக் லோகோ ஷெட் பக்கம் பழகியவர்கள் அர்னோ என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். தலைக்கு மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பியில் இருப்பது ஒருமுனை மின்சாரம். எஞ்சினுக்குள் இருக்கும் ஊதுகாற்று விசிறிகளும் கம்ப்ரெஸ்ஸர்களும் மும்முனை மோட்டாரில் ஓடுபவை. நடுவில் நின்று 380 வோல்ட் ஒருமுனையை மும்முனையாக்கியது அர்னோ கன்வெர்ட்டர். டபிள்யூஏஜி-5, டபிள்யூஏபி-4 வகை எஞ்சின்களில் அது இருந்தது. ஆரம்பத்தில் ஒரு மின்தடையைச் சேர்த்து அதை உருட்டிவிடுவார்கள். மூன்றாவது ஃபேஸில் போதிய வோல்டேஜ் ஏறியதும் ஒரு ரிலே அந்தத் தடையை விலக்கிவிடும். பிற்காலத்தில் எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டர்கள் வந்து அதை ஓரங்கட்டின.

ஃபேஸ் கன்வெர்ட்டரையும் பல வேக மோட்டாரையும் ஒரே கூட்டுக்குள் அடைத்தவர் ஹங்கேரியின் கால்மான் காண்டோ. அவர் வடிவமைத்த வி-40 எஞ்சின் 1932இல் புடாபெஸ்ட்–ஹெஜெஷ்ஹாலோம் தடத்தில் ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1931 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். 16,000 வோல்ட் ஒருமுனை மின்சாரம் எஞ்சினுக்குள் இருந்த கன்வெர்ட்டருக்குப் போகும். இழுவை மோட்டாரின் துருவங்களை 72, 36, 24, 18 என்று மாற்றினால் மணிக்கு 25, 50, 75, 100 கிலோமீட்டர் என நான்கு வேகங்கள். இடைப்பட்ட வேகம் வேண்டுமென்றால் திரவத் தடையைக் கொண்டு சமாளிக்க வேண்டும். என் தகரக் கூரைக்குள் நடப்பதற்கு இத்தனை பெரிய முன்னோர் இருப்பது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கன்வெர்ட்டருக்கு ஒரு மோட்டார் வேண்டும். பொதுக் கணக்கு, ஓட்டப்போகிற மோட்டார்களில் பெரியதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது. 2 குதிரைத்திறன் ஓட 3 குதிரைத்திறன். ஒரு வேக மோட்டாருக்குப் பழைய கடைகளிலும் நல்ல விலை சொல்வார்கள். யாராவது ஒரு பம்ப்செட்காரர் வாங்கிக்கொள்வார். இரண்டு வேக மோட்டாரை யாரும் சீந்துவதில்லை. ரேடியல் டிரில்லிங் மெஷினிலிருந்து கழற்றிய 2.2/1.5 கிலோவாட் மோட்டார் ஒன்று ஏறக்குறைய எடைக்கணக்கிலேயே எனக்குக் கிடைத்தது. இதுவும் டாலாண்டர். பேரிங் இரண்டையும் மாற்றி, மெக்கர் வைத்துக் காப்புத்தடை பார்த்து, எடுத்து வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வேகங்களில் எதில் இந்த மோட்டாரைச் சுற்ற விடுவது? பலரும் மெதுவான வேகத்தைச் சொல்வார்கள். சத்தம் குறைவு, பேரிங் தேய்மானம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காயில் கடையில் அசல் மும்முனை இருப்பதால் பாரமில்லாமல் இரண்டு வேகத்திலும் ஓட்டி, மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தோம். வேகமான ஓட்டத்தில் சுமார் 2 ஆம்பியர். மெதுவான ஓட்டத்தில் 3.2. சும்மா சுற்றும்போதே இந்த வித்தியாசம். துருவங்கள் கூடும்போது காந்தப்புலத்தை எழுப்பவே நிறைய மின்னோட்டம் தேவைப்படுகிறது. அதோடு டெல்டா/இரட்டை ஸ்டார் மோட்டாரில் மெதுவான பக்கத்தில்தான் இரும்புக்குள் புலம் அடர்த்தியாக இருக்கும்.

மும்முனையில் சும்மா சுற்ற ஆகும் மின்னோட்டம் ஒருமுனையில் ஏறக்குறைய 1.7 மடங்காகும், மூன்று வயரில் வந்துகொண்டிருந்தது இப்போது இரண்டில் வர வேண்டுமே. வேகமான பக்கம் 2 ஆம்பியர் 3.5 ஆகிறது. பெயர்த்தகட்டு அளவு 4.9, சௌகரியம். மெதுவான பக்கம் 3.2 ஆம்பியர் 5.5 ஆகிறது, பெயர்த்தகட்டு அளவு 4.6. அதாவது எந்த மெஷினையும் மாட்டாமல், வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் தன் அளவைத் தாண்டிச் சூடாகிறது. போதாததற்கு ரோட்டார் மெதுவாகச் சுற்றுவதால் வால்பக்க விசிறியின் காற்றும் குறைவு. மெதுவான வேகத்தைப் பரிந்துரைப்பவர்கள் மீட்டர் மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் முடிவு. கன்வெர்ட்டராக உழைக்க வேண்டியது வேகமான இணைப்புதான்.

அப்படியென்றால் மெதுவான இணைப்புக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, சில விநாடிகளுக்கு. எந்த மோட்டாரும் புறப்படும்போது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கன்வெர்ட்டரில் அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 1.8 மடங்காகப் பெருகி வீட்டு வயரிங்கில் வந்து விழும். தெருவிளக்கு முதல் பக்கத்து வீட்டு டிவி வரை மினுக்கும். மெதுவான இணைப்பில் காயில் பாதிகள் தொடராக இருப்பதால் அந்த முதல் இழுப்பு குறைவு. முதலில் ஒரு கண்டன்சரின் தள்ளுதலோடு 700 சுற்று வரை அதில் ஏற்றிவிட்டு, பிறகு இரட்டை ஸ்டாருக்கு மாற்றினால், ஏற்கெனவே பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டார் கண்டன்சரின் உதவியின்றித் தானாகவே மீதி வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வேக மோட்டாரைக் கன்வெர்ட்டராக்குவதில் உள்ள ஒரே உண்மையான ஆதாயம் இதுதான்.

மின்சாரத்தின் பாதை இப்படி: வீட்டின் 230 வோல்ட், ஓர் எம்.சி.பி. (பாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), அதற்குப் பிறகு 5 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். பேனல் போர்டு செய்பவர்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டித் தருகிற ஒருவரிடம் சொல்லிச் செய்தது. உள்ளே 230, வெளியே 415. இரண்டு பக்கமும் தொடர்பில்லாத தனித்தனிக் காயில்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயிலைக் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் அதில் நியூட்ரல் அப்படியே மறுபக்கமும் வந்து, மெஷினுக்குப் போகிற மூன்று வயர்களில் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். அந்த வயரில் டெஸ்டரை வைத்தால் எரியாது. ஆளில்லாத வயர் என்று நினைக்கத் தோன்றும். இன்னொரு வயரோ எர்த்துக்கு முழு 415 வோல்ட்டில் நிற்கும். வழக்கமான மும்முனையில் எந்த வயரும் எர்த்துக்கு 240க்கு மேல் போவதில்லை. மெஷினில் இருக்கும் பழைய காப்புத்துணிகளும் பேக்கலைட்டுகளும் அந்த அளவை நம்பி இருப்பவை.

அதனால் 415 பக்கக் காயிலின் நடுவிலிருந்து ஒரு முனையை வெளியே எடுக்கச் சொல்லி, அதை எர்த் செய்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் இரண்டு வயர்களும் எர்த்துக்கு 207 வோல்ட்டில் இருக்கின்றன. மோட்டாரில் பிறக்கும் மூன்றாவது சுமார் 360இல். அந்த மூன்றாவது வயருக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். கான்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயில், மெஷின் விளக்கு, கூலன்ட் பம்பின் ரிலே என்று சிறு சாமான்களை அதிலிருந்து எடுக்கக் கூடாது. அதன் வோல்டேஜ் பாரத்துக்கேற்ப ஏறி இறங்கும். இரட்டை ஸ்டாரில் ஓடும்போது மோட்டாரின் மூன்று மூலைகளும் சேர்கிற புள்ளி வெளியிலேயே கிடைக்கிறதே, அதை எர்த் செய்தால் மூன்று வயரும் சமமாக 240க்கு வந்துவிடுமே என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் புறப்படும் சில விநாடிகளில் அதே மூலைகளில்தான் மின்சாரம் கொடுக்கிறோம். அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். இன்னொன்று: டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் ஏற்படும் கசிவு வீட்டு மெயினில் இருக்கும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. 415 பக்கத்துக்கென்று தனியாக ஒன்று போட்டாக வேண்டும்.

கன்வெர்ட்டர் பெட்டிக்குள் கான்டாக்டர்கள் வரிசையாக நிற்கின்றன: மெதுவான இணைப்புக்கு ஒன்று, மூலைகளைச் சேர்க்க ஒன்று, நடுப்புள்ளிகளுக்கு மின்சாரம் கொடுக்க ஒன்று, புறப்பாட்டுக் கண்டன்சருக்கு ஒன்று, மெஷின்களுக்கு மின்சாரம் விட ஒன்று. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் டெல்டாவும் கண்டன்சரும் சேர்ந்து விழும், அதாவது இணையும். மோட்டார் கனமாக ஒரு முனகல் முனகிவிட்டு நகரும். சத்தம் சீராகும் நேரத்துக்கு டைமர் கண்டன்சரைக் கழற்றிவிடும். கொஞ்சம் பொறுத்து டெல்டா விலக, ஒரு கணம் மின்சாரமே இல்லை. பிறகு மூலைகளைச் சேர்க்கும் கான்டாக்டர், அதன் பின்னாலேயே நடுப்புள்ளிகளுக்கான கான்டாக்டர். இந்த வரிசை மாறவே கூடாது. மெதுவான கான்டாக்டரும் மூலைகளைச் சேர்க்கும் கான்டாக்டரும் ஒரே நேரத்தில் விழுந்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். டைமரை மட்டும் நம்பாமல் இரண்டுக்கும் நடுவில் இயந்திரப் பூட்டு போட்டிருக்கிறேன்.

மெஷின்களுக்கான வயரை மோட்டாரின் எந்த முனைகளிலிருந்து எடுப்பது என்பதில் பலர் தடுமாறுவார்கள். நடுப்புள்ளிகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். வேகமான ஓட்டத்தில் மூலைகள் மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதால் அங்கே எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மெதுவான ஓட்டத்தில் நடுப்புள்ளிகளுக்கிடையே பாதி வோல்டேஜ், அதாவது 207 மட்டுமே இருக்கும். அந்த நேரத்தில் மெஷின் கான்டாக்டர் விழுந்துவிட்டால் மில்லிங் மெஷின் அரை உயிரில் உறுமிக்கொண்டு நிற்கும். ஆகவே கடைசிக் கான்டாக்டரின் காயில், வேகமான இணைப்பு முழுதாக நிலைபெற்ற பிறகே மின்சாரம் பெறும்படி கட்டியிருக்கிறேன்.

கண்டன்சர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுனை பம்ப் ஸ்டார்ட்டர்களில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டப்பாக்கள் 230 வோல்ட் வட்டாரத்துக்கானவை. அவற்றை 415இல் மாட்டினால் வெடிக்கும், சத்தத்தோடு. புறப்பாட்டுக்கும் நான் 440 வோல்ட் ரன்னிங் கண்டன்சர்களையே இணையாகச் சேர்த்துக்கொண்டேன். 230 வோல்ட் கன்வெர்ட்டர்களுக்குச் சொல்லப்படும் மைக்ரோஃபாரட் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது. வோல்டேஜ் கூடினால் தேவை அதன் வர்க்கத்தில் குறையும். 415க்கு அந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மின்தடை பற்றவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திய பிறகும் கண்டன்சரில் தேங்கிய மின்சாரம் கையைப் பிடிக்கும்.

சமன் செய்யும் கண்டன்சர்கள் தனி. மூன்றாவது ஃபேஸிலிருந்து மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மூன்று வோல்டேஜும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதை வேகமான ஓட்டத்தில், மில்லிங் மெஷின் ஒரு நடுத்தர வெட்டு எடுத்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். பாரமில்லாமல் அழகாகச் சமன் செய்து வைத்தால் வெட்டு விழுந்ததும் மூன்றாவது தொங்கிவிடும். மாலையில் எங்கள் தெருவில் 230 என்பது 210ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. 415உம் 380க்கு வந்துவிடுகிறது. கனமான வெட்டுகளை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

சுழலும் திசை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கன்வெர்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் புறப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் வெளியே வரும் ஃபேஸ்களின் வரிசை அமையும். புறப்பாட்டுக் கண்டன்சர் எந்த வயரோடு சேர்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்த வயரை மாற்றினால் எல்லா மெஷினும் எதிர்த்திசையில் சுற்றும். கண்டன்சர் செத்துப்போன அன்று, தண்டில் கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பிவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். தவறான பக்கம் இழுத்துவிட்டு லேத்தைப் போட்டால், பழைய லேத்துகளில் மரையில் ஏறி உட்கார்ந்திருக்கும் சக்கு (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) தானாகக் கழன்று வர ஆரம்பிக்கும். அத்தனை கிலோ இரும்பு சுற்றிக்கொண்டே மடியில் வந்து விழுவதற்குப் புதுக் கண்டன்சர் வாங்குவது மலிவு. என் லேத் இன்னும் தன் டிரைவிலேயே இருக்கிறது. அதைக் கன்வெர்ட்டரோடு இணைக்கிற உத்தேசமும் இல்லை.

மில்லிங் மெஷின் இப்போது தன் சுவிட்சில் இரண்டு வேகமும் காட்டுகிறது. வார்ப்பிரும்பில் பெரிய கட்டரைப் போடும்போது 700, அலுமினியத்துக்கு 1410. ஓட்டத்திலேயே வேகமான பக்கத்திலிருந்து மெதுவான பக்கத்துக்குத் திருப்புவதை மட்டும் நான் செய்வதில்லை. 1410இல் சுற்றும் ரோட்டாரை 750இல் சுற்றும் புலம் பிடித்து இழுக்கும். மெஷின் தலை குலுங்கும், கன்வெர்ட்டரின் வோல்டேஜும் குதிக்கும். நிறுத்தி, நின்ற பிறகு திருப்பினால் போயிற்று.

இதைப் படித்துவிட்டு உக்கடம் போகிறவர்களுக்கு மோட்டார் தேர்வு பற்றிச் சில குறிப்புகள். 1440/720 மாதிரியான விகிதமும் டெல்டா/இரட்டை ஸ்டார் என்ற குறியும் உள்ளதை எடுங்கள். 4/6 துருவம், தனித்தனிக் காயில் என்றால், வேகமான காயிலை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றக் காயில் டெல்டாவில் மூடியிருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குள்ளேயே மின்னோட்டம் சுற்றி மோட்டாரைச் சூடாக்கும். ஒரே ஸ்டேட்டர்க் குழிகளில் இரண்டு காயில்கள் இடத்தைப் பங்கிட்டிருப்பதால் செம்பும் குறைவு. அளவுக்கு மிஞ்சிய மோட்டாராகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய லிஃப்ட் மோட்டார்கள் 4/16 துருவத்தில் நிறைய வருகின்றன, பார்ப்பதற்கும் கம்பீரமாக இருக்கும். அவற்றின் ரோட்டார் வேண்டுமென்றே அதிகத் தடையோடு செய்யப்பட்டது. புறப்பாட்டில் பலம் கிடைப்பதற்காக. கன்வெர்ட்டருக்கோ தடை குறைந்த ரோட்டார் வேண்டும். இல்லாவிட்டால் சிறு பாரத்துக்கே மூன்றாவது ஃபேஸ் படுத்துவிடும். லிஃப்ட் மோட்டாரைக் கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.